டுவேன் சாரின் கைப்பேசி வகுப்பு

கைப்பேசியை விரலால்கூடத் தொடுவதில்லை என்று டுவேன் நிஸ்கானன் சபதம் போட்டிருந்தார். கல்லூரி விடவில்லை.

அமெரிக்காவின் துலூத் நகரில் வீட்டு ரிப்பேர் வேலைகள் சொல்லித்தரும் வாத்தியார் அவர். நாற்பது வருஷ சர்வீஸ். இந்தப் பருவத்திலிருந்து கடைசி சனிக்கிழமை மட்டும் பட்டறையில் பாடம், மீதியெல்லாம் கைப்பேசியில். மாணவர்கள் கேள்வி அனுப்புவார்கள், அவர் பதில் அனுப்ப வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்த பருவம் வகுப்பே கிடையாது.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு கேள்வியும் இல்லை. பெயர்ப் பட்டியலும் கைப்பேசியில்தான் வந்திருந்தது. அதைத் திறக்கும் வித்தை அவருக்குப் பிடிபடவில்லை.

"அப்பல்லாம் எத்தனை கேள்வி!" என்றார் மனைவியிடம். "மரத்தூள் வாசனை, கரும்பலகை, பனிபெய்யறப்ப நடுவுல எரியற அடுப்பு. கடைசி பெஞ்சுலேருந்து நீ சீட்டு எழுதி அனுப்புவ."

"எம்பத்தாறுல," என்றாள் மார்லிஸ். ஒரு காலத்தில் அவள் அவருடைய மாணவி. "ஜன்னல் திறக்க மாட்டேங்குதுன்னு எழுதினேன். மறுநாளே இழைப்புளியோட என் வாசல்ல நின்னீங்க."

"ஜன்னலைப் பாக்கவா வந்தேன்?"

"தெரியும். இப்ப நம்ம குழாய் மூணு வருஷமா சொட்டுது."

"பாக்கறேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க."

மறுநாள் கைப்பேசி சிணுங்கியது. மாணவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். கேள்வி அனுப்பியவரின் புனைபெயர் 'பிர்ச்'. 'சார், குழாய்க்கு வாஷர் மாத்தறது எப்படி? படிச்சாப் புரியல. செஞ்சு காட்டுவீங்களா?'

டுவேனுக்கு இருபது வயது குறைந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"மார்லிஸ், வந்து படம் பிடி."

"எனக்கு வேலை இருக்கே."

"ஒரு மாணவர் தவிச்சுக்கிட்டிருக்கார். உனக்கு இரக்கமே இல்லையா?"

அவள் பெருமூச்சு விட்டுப் படம் பிடித்தாள். குழாய் அடங்கியது. வீடியோவைப் பார்த்த மற்ற பத்துப் பேருக்கும் வாய் திறந்தது. கேள்வி மேல் கேள்வி. ஆனாலும் பிர்ச்சின் கேள்விதான் கேள்வி. தரையில் உரசும் குளியலறைக் கதவு, கிறீச்சிடும் மாடிப்படி, ஆடும் அலமாரி. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே செய்து காட்டினார்.

"இந்த பிர்ச் அப்படியே உன்னை மாதிரி," என்றார் ஒருநாள், படியில் ஆணி அடித்துக்கொண்டே. "கேக்கற விதம் இருக்கே, அந்த நாள் ஞாபகம் வந்துடுது."

"பாவம், நல்லா படிக்கட்டும்," என்றாள் மார்லிஸ், கை ஆடாமல் படம் பிடித்தபடி.

கடைசி சனிக்கிழமை எல்லோரும் நேரில் வரவேண்டும். டுவேன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே பட்டறைக்குப் போனார். பத்துப் பேர் வந்தாகிவிட்டது. பதினொன்றாவது ஆள் கதவைத் திறந்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

மார்லிஸ்.

"நீ எங்க இங்க?"

"பேர் குடுத்திருக்கேன் சார். பட்டியல்ல பாருங்க."

பெஞ்சில் அவள் அதே மாதிரி, முழங்கையை ஊன்றி, தலையைச் சாய்த்து.

"வீட்டுலயே கேட்டிருக்கலாமே."

"மூணு வருஷமா மார்லிஸ் கேட்டா, உங்களுக்குக் கேக்கல. பிர்ச் கேட்டா, உடனே கேட்டுது."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். வகுப்பைக் காப்பாற்றியவளை என்ன சொல்வது?

"சரி, ஜெயிச்சுட்ட. இத்தோட பாடம் முடிஞ்சுது."

"இல்ல சார். அடுத்த பருவம் என்ன பாடம்னு காலேஜ் போன்ல ஓட்டெடுத்தாங்க. நீங்க பாக்கலையா? பதினோரு பேரும் கூரை மாத்தறதுக்குத்தான் போட்டிருக்கோம். நம்ம வீட்டுக் கூரை."