எலி ஓட்டு எப்போதும் கரடிக்கே

ஒரு காட்டில் தேர்தல் வந்தது. காடு என்றதும் மூங்கில், அருவி, முனிவர் என்று கற்பனையில் இறங்கிவிடாதீர்கள். இது மாவட்டத் தலைநகராகிப் பல காலம் ஆன காடு. மரத்துக்கு மரம் அடுக்குமாடி. குகைக்கு வீட்டு வரி. புலியே ஆனாலும் சாலையைக் கடக்க சிக்னலில் நிற்க வேண்டும், அதுவும் போலீஸ் நின்றால் மட்டும்.

மாவட்டத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர்தான் போட்டி. ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருந்த யானை வாரணமுத்து. இன்னொருவர் கரடி சடையப்பன். வேறு சிலரும் நிற்பார்கள். டெபாசிட் பறிபோவதற்கும் யாராவது வேண்டுமே.

யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பது அங்கே கண் திறக்காத குட்டிக்கும் தெரியும். காக ஓட்டு யானைக்கு. எலி ஓட்டு கரடிக்கு. இரண்டு கூட்டமும் எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம். அடுக்குமாடிப் பூனைகள் ஓட்டுப் போட வராது, ஆனால் நாடு கெட்டுப்போனதைப் பற்றி வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கப் பேசும். புதிதாகக் குடிவந்த மான்கள் வீட்டு ஓனர் சொன்ன பக்கம் போடும். குரங்கு இளைஞர்களுக்குத் தேர்தல் என்றால் ஒரு நாள் லீவு. இதையெல்லாம் டிவியில் உட்கார்ந்து விளக்குவதற்கென்றே நரி ஞானப்பிரகாசம் என்று ஒருவர் இருந்தார். கோட்டு போட்டிருப்பார். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் வரும். "எலிச் சமூகம் இந்த முறையும் கரடியாரின் கோட்டை" என்று அவர் சொன்னால், எலிகளே தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும்.

எலிகள் குடியிருந்த இடம் மாவட்டத்திலேயே பள்ளமான பகுதி. போன மழைக்குத் தண்ணீர் வளைக்குள் வந்தபோது பவளக்கொடி என்ற எலி தன் குஞ்சுகளில் இரண்டைப் பறிகொடுத்தாள். ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு போய் மேட்டில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மற்ற இரண்டும் போய்விட்டன. அந்த வலி அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது மறுபடியும் ஈன்றிருந்தாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழைநீர் வடிகால் வந்தால் பிள்ளைகள் பிழைக்கும், வராவிட்டால் பிழைக்காது. அவளுக்குத் தேர்தல் என்பது அவ்வளவுதான்.

முதலில் கரடியிடம் போனாள்.

"அண்ணே, எங்க பக்கம் ஒரு வடிகால் வேணும்ணே."

"உங்களுக்குச் செய்யாம வேற யாருக்கும்மா செய்யப்போறேன்? நீங்க என் சொந்த ரத்தம்!" என்று சடையப்பன் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு அப்படியே அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

பிறகு யானையிடம் போனாள். வாரணமுத்து அவளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எலிங்க கரடிக்கில்ல போடுவீங்க? அவர்கிட்டயே கேளும்மா" என்றார்.

பவளக்கொடி வளைக்குத் திரும்பியதும் எலிகளைக் கூட்டினாள்.

"இவரு, நாம எப்பவும் போடுவோம்னு தெரிஞ்சதால செய்ய மாட்டேங்கறாரு. அவரு, நாம எப்பவும் போட மாட்டோம்னு தெரிஞ்சதால செய்ய மாட்டேங்கறாரு. நாம யாருக்குப் போடுவோம்னு ஊருக்கே தெரியறதுதான் நம்ம வியாதி. இந்த வாட்டி மாத்திப் போடுவோம். யானை ஜெயிச்சா அவருகிட்டப் போய், உன்னை ஜெயிக்க வெச்சதே நாங்கதான்னு உரிமையா கேக்கலாம்."

"கரடியண்ணனுக்குத் தெரிஞ்சா வடை குடுக்க மாட்டாரே?" என்று ஒரு கிழட்டு எலி கவலைப்பட்டது. தேர்தலுக்குத் தேர்தல் வளைக்கு ஒரு மசால்வடை கொடுப்பது கரடியின் வழக்கம்.

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? வடையை வாங்கிக்கோங்க, பின்னாடி கம்பி எதுவும் இருக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க. அவரு கொடியைப் பிடிங்க, அவரு ஊர்வலத்துல ஆடுங்க. ஓட்டை மட்டும் யானைக்குப் போடுங்க."

எலிகள் சொன்னதைச் செய்யும். கொஞ்சம் அதிகமாகவே செய்யும். கரடியின் ஊர்வலத்தில் அந்த வருஷம் எலிகள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, சடையப்பனே வண்டியிலிருந்து இறங்கி இரண்டு குத்து குத்தினார். நரி அதை டிவியில் மூன்று கோணத்தில் காட்டி, "எழுச்சி" என்று பெயர் வைத்தார்.

அந்தக் காட்டில் ஓட்டுப் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். யானைக்கு வேப்பங்கொட்டை, கரடிக்குப் புளியங்கொட்டை. தெருவுக்கு ஒரு பானை. மறைவாகப் போய் ஒரு கொட்டையைப் பானைக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். ஒரு காலத்தில் பானை பானையாகத்தான் எண்ணினார்கள். எந்தத் தெரு கைவிட்டது என்று தலைவருக்குத் தெரிந்துபோய், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராமல் நின்றுவிடும். அதனால் சட்டம் போட்டார்கள்: எல்லாப் பானையையும் ஒரே அண்டாவில் கொட்டி, கல்யாண வீட்டுக் கரண்டியால் நன்றாகக் கிளறிவிட்டுத்தான் எண்ண வேண்டும். அருமையான சட்டம். அதில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த எலிகளிடம் நரியின் ஆட்கள் மைக்கை நீட்டினார்கள். "கரடிக்கு!" என்று எல்லா எலியும் ஒரே குரலில் சொன்னது. காகங்களிடம் நீட்டினார்கள். "யானைக்கு! யானைக்கு!" என்று கத்தின.

அண்டா கிளறப்பட்டது. எண்ணினார்கள். யானை வாரணமுத்து ஜெயித்தார், போன முறை எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாரோ கிட்டத்தட்ட அதே வித்தியாசத்தில்.

"நான் சொன்னேனா இல்லையா? எந்தச் சமூகமும் ஒரு அங்குலம்கூட நகரலை!" என்று நரி ஞானப்பிரகாசம் திரையில் எழுந்து நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பவளக்கொடிக்கு அது கொஞ்சம் இடித்தது. இத்தனை எலியும் யானைக்குப் போட்டால் அண்டா வேம்பாகவே வழிந்திருக்க வேண்டாமா? ஆனால் சந்தோஷத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? மறுநாளே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள்.

அங்கே காகங்களுக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. காகச் சங்கத் தலைவர் கார்மேகத்துக்கு யானை தன் கையாலேயே, அதாவது தும்பிக்கையாலேயே, மாலை போட்டார். காகங்கள் உட்காரும் வேப்பமரத்தின் மேலே உறை இல்லாத மின்கம்பி ஓடியது. அதில் பட்டு எத்தனையோ காகங்கள் கருகியிருந்தன. அந்தக் கம்பி முழுவதுக்கும் ரப்பர் உறை போட உத்தரவிட்டார் யானை. "எனக்கு விசுவாசமா நின்னவங்களுக்கு நான் செய்ற நன்றிக்கடன்" என்றார். கைதட்டல் அடங்கியதும் பவளக்கொடி முன்னால் வந்தாள்.

"ஐயா, நாங்களும் இந்த வாட்டி உங்களுக்குத்தான் போட்டோம்."

யானை சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, கரடி ஊர்வலத்துல நீ முன்வரிசையில ஆடினதை நானே டிவியில பாத்தேனே? நல்லா ஆடினே."

"அது சும்மா ஆடினதுங்கய்யா!"

"வடை?"

பவளக்கொடியின் பின்னால் நின்ற கிழட்டு எலி தரையைப் பார்த்தது.

"தின்னோம்" என்றாள் பவளக்கொடி. "ஆனா ஓட்டு உங்களுக்குத்தான். எங்க தெருப் பானையைத் தனியா எண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அதான் கிளறியாச்சே" என்று சொல்லிவிட்டு யானை அடுத்த மாலையை எடுத்தார்.

வெளியே வந்தபோது கார்மேகம் சுவர்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். மாலை வாங்கியவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பவளக்கொடியைப் பார்த்ததும் பறக்கப் பார்த்தார், பிறகு இறங்கி வந்தார்.

"யம்மா, நீ நெஜமாவே யானைக்கா போட்டே?"

"ஆமாண்ணே. என் பிள்ளைங்க மேல சத்தியமா."

கார்மேகம் இரண்டு பக்கமும் பார்த்தார். "நாங்க கரடிக்குப் போட்டுட்டோம்மா."

பவளக்கொடிக்கு வாலே நின்றுவிட்டது.

"ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் கா கா, கா கான்னு தேனா கூப்பிடுவாரு. இலையில சோறு வெப்பாரு. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு நாங்க கத்தினா, சத்தம் தாங்கலன்னு ஜன்னலைச் சாத்துவாரு. என் தம்பி மவன் அந்தக் கம்பியிலதான் போனான். கண்ணு முன்னாடி. எங்களுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கும், சொல்லு. அதான் கமுக்கமா மாத்திட்டோம்."

இப்போதுதான் பவளக்கொடிக்குக் கணக்கு விளங்கியது. மாவட்டமே தலைகீழாகப் புரண்டு படுத்திருந்தது. புரண்டது யாருக்கும் தெரியவில்லை, அண்டாவுக்கும் தெரியவில்லை.

"அப்ப நீங்க உள்ள வந்து இதை யானைகிட்டச் சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தை. எங்களுக்கு வடிகால் வந்துரும்."

"சொன்னா கம்பிக்குப் போடுற உறையை நிறுத்திருவாரும்மா" என்றார் கார்மேகம். "எங்க பிள்ளைங்களும் பிள்ளைங்கதானே."

பவளக்கொடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை அங்கேயே கடித்து வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வடிகால் தன் தெருவுக்கு வந்திருந்தால் தானும் வாயைத் திறந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். வளையைப் பார்த்து நடந்தாள்.

வழியில் கரடி சடையப்பன் அவளைப் பிடித்துக்கொண்டார். தோற்ற துக்கத்தில் தாடி வேறு வளர்ந்து, எது தாடி எது கரடி என்று தெரியவில்லை. "ஊரே கைவிட்டாலும் நீங்க என்னைக் கைவிடலையே!" என்று அவளைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பதவி இருந்தால் இன்றைக்கே வடிகால் வெட்டியிருப்பாராம். பவளக்கொடி அவர் கண்ணீரில் நனைந்தபடி மழையை நினைத்துப் பயந்தாள்.

மழை வந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி, மத்தியானத்துக்குள் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். எலியின் முழங்கால் என்று நினைத்துவிடாதீர்கள், யானைக்கு முழங்கால் அளவு. எலிகள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு ஓடின. எங்கே ஓடுவது? பள்ளிக்கூடத்தில் நரியின் சேனல் வெள்ளத்தைப் படம் பிடிக்க முகாம் போட்டிருந்தது. கரடியின் வீடும் பள்ளத்தில்தான். மாவட்டத்திலேயே நனையாத மேடு ஒன்றே ஒன்றுதான், தலைவர் வாரணமுத்துவின் பங்களா.

"அங்கயா?" என்றது கிழட்டு எலி.

"நாமதானே அவரை ஜெயிக்க வெச்சோம்?" என்றாள் பவளக்கொடி. இந்த முறை அவள் குஞ்சுகளில் ஒன்றைக்கூட விடுவதாக இல்லை.

தலைவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். வாசலில் காவலுக்கு நின்ற நாய்கள் எலிகளைப் பார்த்தன. பூனை இலாகா விஷயம் என்று விட்டுவிட்டன. எலிகள் நனைந்து ஓடிவந்ததில் தரையெல்லாம் ஈரம். காய்ந்து, மெத்தென்று, கதகதப்பாக இருந்தது தலைவரின் கட்டில் ஒன்றுதான். பவளக்கொடி தன் குஞ்சுகளைத் தலையணைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடத்தினாள். மற்ற எலிகள் கிடைத்த இடத்தில் கிடத்தின. ஒரு குஞ்சு, கண் தெரியாத குஞ்சு, கதகதப்பு வரும் திசையாகப் பார்த்து ஊர்ந்து, தும்பிக்கை ஓட்டைக்குள் தலையை விட்டது.

யானை எழுந்தார். பிளிறினார். பக்கத்தில் இருந்த மேசைமேல் ஏறினார். அந்த நொடிவரை அது மேசையாக இருந்தது.

"எறக்கு! எறக்கு! எல்லாத்தையும் எறக்கு!"

"வடிகால் வந்ததும் எறங்கிடறோம்யா" என்றாள் பவளக்கொடி. மரியாதையாகத்தான் சொன்னாள். குஞ்சைத் தும்பிக்கையிலிருந்து எடுத்துத் துடைத்தாள்.

"நீங்க கரடிக்குப் போட்டவங்க!"

"இருக்கட்டும்யா. படுத்திருக்கறது உங்க மெத்தையில."

யானை குனிந்து பார்த்தார். மெத்தை முழுவதும் இளஞ்சிவப்பாக நெளிந்தது. உடனே பொறியாளர் கொக்கு வரவழைக்கப்பட்டார். இந்த வடிகாலுக்கு மண் ஆய்வு வேண்டும், மூன்று இலாகாவின் ஒப்புதல் வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடாது என்று இத்தனை காலமும் சொல்லிவந்தவர் அவர். கட்டிலைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்யா" என்றார். மழை நிற்பதற்குள் வேலை தொடங்கியது. வடிகால் முடியும்வரை மாவட்டத் தலைவர் கார் ஷெட்டில் நின்றுகொண்டே தூங்கினார். எலிகளில் ஒரு குஞ்சுக்கும் சேதம் இல்லை.

நரி ஞானப்பிரகாசம் சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார். "எலிகளின் கோட்டைக்குள்ள யானையார் வடிகால் வெட்டியிருக்கார். இது சாதாரண வடிகால் இல்ல, அடுத்த தேர்தலுக்கான ராஜதந்திரம். எலி ஓட்டு வரலாற்றிலேயே முதல் தடவையா நகரப் போகுது!" என்று கட்டங்களின் நிறத்தை மாற்றினார். பிறகு பவளக்கொடியிடம் மைக்கை நீட்டினார்.

"சொல்லுங்கம்மா, அடுத்த தேர்தல்ல உங்க சமூகத்தோட ஓட்டு யாருக்கு?"

"கரடிக்குத்தான்யா" என்றாள் அவள் ஒரே மூச்சில். "எப்பவும் போல."

கேமராவை அணைத்ததும் தவளைச் சங்கத்தார் அவளை ஓரமாக அழைத்துப்போனார்கள். அவர்கள் குளத்தில் கழிவுநீர் கலந்து வெகுகாலம் ஆகிறது. மூன்று தேர்தலில் மூன்று பேருக்கு மாற்றி மாற்றிப் போட்டும் நடக்கவில்லையாம். யாருக்குப் போட்டால் நடக்கும் என்று கேட்டார்கள்.

பவளக்கொடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தலைவரு குளிக்கிற தொட்டி எவ்வளவு பெருசு, பாத்திருக்கீங்களா?"

நீதி: உன் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்பது தலைவருக்குத் தெரியவே தெரியாது. உன் பிள்ளைகள் அவர் மெத்தையில் படுத்தால் உடனே தெரியும்.