நிலவறையில் ஒரு வாளி மழை

எங்கள் நிலவறையில் இனி ஒரு சொட்டு நீரும் தங்காது என்று சாப்பாட்டு மேசையின் முன் எழுந்து நின்று நான் சூளுரைத்தேன். எழுந்து நின்றதற்குக் காரணம் வீரம் அன்று. நாற்காலியில் கிடந்த குண்டூசி.

அன்பர்களே, என் இல்லாள் தையற்கலை வல்லவள். எங்கள் தெருவில் பாதிச் சன்னல்களின் மானத்தைக் காப்பவை அவள் தைத்த திரைச்சீலைகள்தாம். அவற்றை அவள் வெட்டுவதோ எங்கள் சாப்பாட்டு மேசையின்மீது. ஆகவே தட்டை மடியில் ஏந்தி உண்பதும், உணவில் நூல் அகப்பட்டால் அதன் நிறத்தைப் பாராட்டி ஒதுக்கி வைப்பதும் எங்கள் இல்லற ஒழுக்கங்கள் ஆயின.

நானோ பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிந்து, மாலையில் நன்னெறிக் கட்டுரைகள் வரைபவன். மனிதர்களைத் திருத்த எனக்கோர் அமைதியான அறை தேவை. துணிகளைத் திருத்த அவளுக்கோர் அகலமான அறை தேவை. வீட்டில் எஞ்சியிருந்தது ஒரே அறை. அது தரைக்குக் கீழே இருந்தது. மழை வந்தால் கணுக்கால் அளவு நீர் அதில் குடியேறும். பழைய செருப்புகள் கப்பல்களாகப் பதவி உயர்வு பெறும்.

"விவரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாங்க," என்றாள் அவள்.

"ஆள் எதுக்கும்மா? நானே பம்ப் போடப் போறேன்."

"நீங்களா? பல்பு மாத்தப் போயி ஃபேனைக் கையில எடுத்துட்டு இறங்குனீங்களே."

"அது ஃபேனோட பலவீனம்."

"முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்க வேண்டாமா?"

"வானத்துலேருந்து வருது. அதை யாரு தடுக்க முடியும்? வந்த துன்பத்தை வெளியே தள்ளுறதுதான் மனுஷனுக்கு அழகு."

"இது கட்டுரையில வரப்போகுதா?"

"எழுதியே முடிச்சாச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, துணியில் கத்தரிக்கோலை வைக்குமுன் ஒரு கணம் நிதானிப்பாளே, அவ்வாறு நிதானித்தாள்.

"சரிங்க, போடுங்க. ஆனா ரூம் யாருக்குன்னு இப்பவே பேசிடலாம். மழைக்காலம் முடியறதுக்குள்ள உங்க பம்ப் ஒரு வாளி தண்ணிய வெளியே தள்ளிட்டா ரூம் உங்களுக்கு. தள்ளலைன்னா எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாளியா? ஏரியையே இறைத்துக் கொட்டும் பம்ப் அல்லவா நான் வாங்கப் போவது? எனினும் வெற்றியில் மாசு கூடாது என்பது என் கொள்கை.

"ஒரு வாளி மழைத் தண்ணின்னு சொல்லும்மா. குழாயில பிடிச்சு ஊத்தி ஜெயிச்சேங்கிற பேரு எனக்கு வேண்டாம்."

"உங்க நேர்மை யாருக்கு வரும்? மழைத் தண்ணின்னே வச்சுக்கலாம்," என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அவள் ஒன்றை உடனே ஒப்புக்கொண்டால் உடனே அஞ்ச வேண்டும் என்பதை, அன்பர்களே, மணமான ஆடவர் யாவரும் மனத்தில் எழுதி வைப்பீராக.

மறுநாளே பணி தொடங்கிற்று. நிலவறையின் தாழ்ந்த மூலையில் தரையை உடைத்துக் குழி தோண்ட வேண்டும். நான் சுத்தியலை ஓங்கினேன். தரை என்னை உடைத்தது. ஓய்ந்தேன், மீண்டும் ஓங்கினேன். ஒருவாறு குழி பிறந்தது. அதனுள் துளைகள் இட்ட பிளாஸ்டிக் பீப்பாயை இறக்கி, சுற்றிலும் சரளைக்கல் கொட்டி, நடுவில் பம்பை நிறுத்தினேன். குழியில் நீர் ஏறினால் அதன் மிதவையும் ஏறும்; மிதவை ஏறினால் பம்ப் தானே ஓடும்; நீர் குழாய் வழியே சுவரைக் கடந்து தோட்டத்தில் விழும்.

அந்நாள்களில் அவள் எனக்குச் செய்த பணிவிடைகளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். விளக்கைப் பிடித்தாள். வேளைக்குத் தேநீர் தந்தாள். தலையில் படிந்த தூசியைத் திரைச்சீலைத் துண்டால் துடைத்தாள். நான் மிதவையைக் குழாயோடு சேர்த்து இறுகக் கட்டியபோது, "அதையும் கட்டிப்போட்டா எப்படிங்க மிதக்கும்? வீட்டுல ஒருத்தர் கட்டுப்பட்டு இருந்தாப் போதாதா?" என்று கேட்டுக் கட்டை அவிழ்த்தும் விட்டாள்.

பணி முடிந்த பிற்பகலில், வீட்டின் பக்கவாட்டில் அவள் ஏணிமேல் நிற்கக் கண்டேன்.

"அங்க என்னம்மா பண்றே?"

"கூரைத் தண்ணி இறங்குற குழாயில இலை அடைச்சிருக்குங்க."

"பாத்து இறங்கு," என்று அன்போடு எச்சரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பம்பைப் பற்றிய கட்டுரை பாதியில் நின்றது.

பிறகு மழை வந்தது. சாதாரண மழையன்று, மேகங்கள் பழைய பகையைத் தீர்த்துக்கொண்ட மழை. நான் வெறுங்காலோடு நிலவறைக்கு இறங்கினேன். காலடியில் தரை. வெறும் தரை. தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. பம்பிடம் செவி கொடுத்தேன். ஓசையே இல்லை. என் கண்கள் கலங்கின. அறையில் இருந்த ஈரம் அது ஒன்றே.

அடுத்த மழையும் வந்தது; அதற்கடுத்ததும் வந்தது. பம்ப் முணுமுணுக்கவும் இல்லை. 'ஓசையற்ற தொண்டு' என்று கட்டுரைக்குத் தலைப்பிட்டு, அதில் ஓர் உவமைக் கதையும் சேர்த்தேன். ஓர் அரசனுக்குக் காவலர் இருவர். ஒருவன் விடிய விடியக் கொம்பு ஊதுவான். மற்றவன் வாய் திறவாமல் நிற்பான். அரசன் வாய் திறவாதவனையே தளபதி ஆக்கினான். இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டாமவன் நின்னுக்கிட்டே தூங்கியிருப்பாங்க," என்று அவள் கதையை முடித்து வைத்தாள்.

தனித்து மகிழ்வது தன்னலம் என்பதால், பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் குழியின் ஓரம் மண்டியிட்டு, சட்டைப்பையில் இருந்த சிறு விளக்கை உள்ளே அடித்தார். நெடுநேரம் பார்த்தார். வாயை அகலத் திறக்கச் சொல்வாரோ என்று எண்ணினேன்.

"சொத்தை ஒண்ணும் இல்ல சார். ஆனா எச்சிலே ஊறலையே."

"அப்படின்னா?"

"குழி காய்ஞ்சு கிடக்கு. மிதவை மேல சிலந்தி வலை கட்டியிருக்கு பாருங்க. இந்த பம்ப் பொறந்ததுலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"அது ஓசையில்லாம..."

"சார், ஓசையில்லாம ஓடலாம். ஓடாம ஓட முடியாது."

வெளியே விரைந்தோம். தோட்டத்தில் பம்பு நீர் விழ வேண்டிய குழாய் வாயில் விரலை விட்டேன். தூசி வந்தது. மருத்துவர் மெல்ல நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். முன்பு கூரை நீரெல்லாம் ஒரு குழாயில் இறங்கி எங்கள் சுவரின் காலடியிலேயே கொட்டி, நிலவறைக்குள் கசியும். இப்போது அதன் முனையில் புதிய குழாய் ஒன்று பொருந்தியிருந்தது. அது சுவரை விட்டு விலகி, செடிகளின் பின்னால் பணிவோடு நடந்து, தெரு வடிகாலில் போய் முடிந்தது. நீர் உள்ளே வந்தால் அல்லவா பம்ப் வெளியே தள்ளும்?

"யாரு சார் இதைப் போட்டது? நல்ல சிகிச்சை. வலிக்கற இடத்தை விட்டுட்டு வேரைப் பாத்திருக்காங்க," என்றார் மருத்துவர். போகும்போது, "இன்னியோட மழை விட்டுரும்னு சொல்றாங்க," என்றும் நல்லெண்ணத்தோடு சொல்லிச் சென்றார்.

என் அறை. என் அமைதி. மனிதகுலத்தின் திருத்தம். யாவும் ஒரு வாளி நீரில் தொங்கின. அவள் தைத்த திரைகளைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் குளியலறைக்குள் புகுந்து வாளியை நிரப்பினேன்.

மனச்சான்று என்னை நிறுத்திற்று. மழைத் தண்ணீர் என்றல்லவா பேச்சு? சிந்தித்தேன். மழை என்பது யாது? மேலிருந்து கீழே விழும் நீர். ஆகவே நிலவறைப் படிகளின் உச்சியில் நின்று வாளியைக் கவிழ்த்தேன். மனச்சான்று வாயடைத்தது. முதல் வாளி படிகளிலேயே தங்கிற்று. அடுத்தது தரையில் பரவிற்று. அதன்பின் வாளிகளை நான் எண்ணவில்லை. நிலவறையை உலர்த்துவேன் என்று சூளுரைத்தவன் மூச்சிரைக்க அதற்கு நீர் சுமந்தேன். இறுதியில் மிதவை எழுந்தது. பம்ப் உறுமிற்று. ஆகா, எத்துணை இனிய உறுமல்! ஓடிப்போய்த் தோட்டத்தில் பார்த்தேன். நீர் பீறிட்டுப் பாய்ந்தது. வெற்றிக் களிப்போடு மீண்டும் நிலவறைக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

படியின் உச்சியில் அவள் நின்றிருந்தாள். கையில் காலிப் பை. கழுத்தில் அளவு நாடா.

"மழைங்களா?" என்றாள்.

"ஒரு மாதிரி."

"சோப்பு வாசம் வருதே."

நான் தலை குனிந்தேன். அந்த நிலையில் தரை தெளிவாகத் தெரிந்தது. பாசி இல்லை. பூசணம் இல்லை. பல ஆண்டுகளாக எங்கள் வீட்டைத் துரத்திய அந்தப் புழுக்க நாற்றமும் இல்லை. அவளால் வந்த நலம் இது என்று உணர்ந்தபோது கோபம் வர மறுத்தது.

"குழாயை நீயே மாத்தப் போறேன்னா, என்னை ஏம்மா குழி தோண்ட விட்டே?"

"மேல குழாய் என்னிக்காவது திரும்ப அடைச்சுக்கிட்டா கீழ பம்ப் வேணுமில்லீங்களா? ஆளைக் கூப்பிட்டா நீங்க விட மாட்டீங்க. ரூம் கிடைக்கும்னா நீங்களே தோண்டுவீங்க. எத்தனை நல்லாத் தோண்டியிருக்கீங்க, சொல்லுங்க."

உண்மை. நன்றாகத்தான் தோண்டியிருந்தேன்.

"உனக்கு நான் நன்றி சொல்லணும்மா. வீட்டையே காப்பாத்திட்டே. சாப்பாட்டு மேசையில தட்டு வச்சு நிமிந்து உக்காந்து சாப்பிட்டு எத்தனை காலமாச்சு," என்றேன். நெஞ்சு நெகிழச் சொன்னேன். அவள் கண்களும் சற்றே பனித்தன. இறங்கி வந்து என் தோளைத் தொட்டாள். ஈரப் படிகளைப் பார்த்தாள். பிறகு மூலையில் உருண்டு கிடந்த வாளியை எடுத்துப் பரிவோடு என் கையில் கொடுத்தாள்.

"நன்றியெல்லாம் இருக்கட்டுங்க, துணி வெட்டுற மேசை நாளைக்கு வருது, அந்த மூலையிலயும் ரெண்டு வாளி ஊத்தித் தேச்சு விட்டுருங்க."