மூன்றாம் விதி: மெதுவாகப் பேச வேண்டும்

பாடம் நடத்துகிறவர்களுக்கு நாளாக நாளாகக் குரல் பெரிதாகிவிடும், மூளை சின்னதாகிவிடும். இரண்டாவது விஷயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டுமே வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே நடந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, ஆரணியில் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. சேத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஹேண்ட்பேக், முகத்தில் உலகத்தையே திருத்தப் புறப்பட்ட களை. (ஹேண்ட்பேக்கில் இருந்தது ஒரு டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான்.)

பள்ளியின் தாளாளரைக் கரஸ்பாண்டென்ட் சார் என்போம். எதையாவது அச்சடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் ரோஸ் கலர் அட்டையில் ‘நடத்தை விதிகள்’ என்று பன்னிரண்டு விதிகளை அச்சடித்தார். மூன்றாம் விதி, மெதுவாகப் பேச வேண்டும். ஒன்பதாம் விதி, பள்ளிப் பொருள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பன்னிரண்டாம் விதி பிள்ளைகளுக்கானதே அல்ல: ‘பெற்றோர் ஆசிரியருக்கு முழு ஒத்துழைப்புத் தர வேண்டும்.’ அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு. ஆசிரியர் பெற்றோருக்குத் தர வேண்டிய ஒத்துழைப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அட்டையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

எங்களுக்கும் ஒரு உத்தரவு வந்தது. பிள்ளையிடம் குறை இருந்தால் டீச்சர் வீட்டுக்கே போய், அக்கம்பக்கத்தார் காதில் விழாதபடி, பெற்றோரிடம் மட்டும் நயமாகச் சொல்ல வேண்டும். ‘நயமாக’ என்ற வார்த்தைக்குக் கீழே சார் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இப்போது லோகு. முழுப்பெயர் லோகேஸ்வரி, எட்டு வயது. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சத்தத்தில் லோகு ஒருத்தியே மீதி முப்பத்தேழு பேருக்குச் சமம். “உள்ளேன் மிஸ்!” என்று அவள் சொன்னால் பக்கத்து வகுப்பு டீச்சர் அவருடைய ரெஜிஸ்டரில் டிக் போட்டுவிடுவார். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதை ரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கேட்பாள். இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி பெஞ்சில் கிசுகிசுப்பதை முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தே தெரிந்துகொண்டு, வகுப்புக்கே கேட்கும்படி அறிவித்துவிடுவாள்.

அவள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, அந்தத் தெரு முழுக்கவே ஓடுகிறது, அங்கே வளர்கிற பிள்ளை கத்தினால்தான் அம்மா காதில் விழும், வாயைப் பார்த்தால்தான் அம்மா சொன்னது புரியும் என்பதெல்லாம் ஆரணிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சேத்துப்பட்டிலிருந்து வந்த குழந்தை உளவியல் நிபுணிக்குத் தெரியவில்லை. (அந்தப் பாடத்தில் நான் அறுபத்தெட்டு மார்க்.) ரோஸ் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்: ‘கத்திப் பேசுகிறாள். ஆசிரியரை முறைத்துப் பார்க்கிறாள்.’ அட்டை அவள் அப்பாவின் கையெழுத்தோடு மறுநாளே திரும்பி வந்தது. முழு ஒத்துழைப்பு.

ஒரு திங்கட்கிழமை கரஸ்பாண்டென்ட் சார் திடீரென்று வகுப்புக்குள் வந்து பைகளைச் சோதித்தார். லோகுவின் பையில் ஒரு பவுடர் டப்பா, அதற்குள் சாக்பீஸ் துண்டுகள். பெரிசும் சிறிசுமாக ஒரு கைப்பிடி இருக்கும்.

“ஏது இது?” என்றார் சார்.

“மிஸ்தான் குடுத்தாங்க சார்!” என்று லோகு கத்தினாள்.

சார் என்னைப் பார்த்தார். லோகு என் வாயைப் பார்த்தாள்.

“நானா? எப்போ?” என்றேன். சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. திருட்டு, அதோடு பொய், அதையும் கத்திச் சொல்வது என்று சார் விரல் விட்டு எண்ணினார். “இன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் பேசிடுங்கம்மா, நயமா” என்றார்.

சாயங்காலம் போனேன். தெரு முனையிலேயே தறிச் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்க ஆரம்பித்தது. லோகு வீட்டு முன்கூடத்தில் இரண்டு தறி. அப்பா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தார். லோகுவின் அம்மா என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்டூல் போட்டார். அவர் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ‘வாங்க’ என்றுதான் இருக்க வேண்டும்.

“லோகுவைப் பத்தி ஒரு விஷயம்” என்றேன், நயமாக.

“ஆங்?”

“லோகுவைப் பத்தி!” என்றேன், கொஞ்சம் நயத்தைக் குறைத்து.

“லோகுவா? பின்னால பாத்திரம் தேச்சிகினு கீது! கூப்புடவா டீச்சர்?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு கூப்பிட்டுவிட்டார். லோகு ஈரக் கையோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பெற்றோரிடம் மட்டும் என்ற விதி அங்கேயே போயிற்று. நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா காதுக்குக் கையைக் குவித்துக்கொண்டு, “இன்னா டீச்சர்? சாக்லேட்டா?” என்று கேட்டார். தலைவலி, கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம், கூடவே படித்த திமிர். மூச்சை இழுத்துப் பிடித்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன்.

“உங்க பொண்ணு ஸ்கூல்ல சாக்பீஸ் திருடறா!”

‘உங்க பொண்ணு’ என்பது வரைக்கும் தறி ஓடியது. அதற்குள் கரண்ட் போய்விட்டது.

தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றுபோக, மிச்ச வார்த்தைகள் தன்னந்தனியாகக் கிளம்பித் தெருக்கோடி வரைக்கும் போய்வந்தன. அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன் ஆரணியில் கேட்டதில்லை. எங்கேயோ ஒரு குழந்தை தும்மியதுகூடக் கேட்டது.

தறி நின்றால் ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். வந்தார்கள். எதிர் வீடு, பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு. “இன்னாவாம்? யாரு திருடனது?” “நம்ம லோகுவாம்பா.” “சாக்பீஸாம்.” ஒருவர் சட்டையே போடாமல் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, மேலே சொல்லுங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

லோகுவின் அம்மா யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். கரண்ட் இல்லாதபோது அவருடைய குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது.

“டீச்சர், அது திருடற பொண்ணு இல்லீங்க. வெள்ளிக்கெழமயே வந்து எங்கிட்ட சொல்லிச்சி. ஸ்கூல் உட்டப்புறம் போர்டாண்ட கீழ கெடந்த துண்டெல்லாம் பொறுக்கிகினு இருந்துதாம். இத இன்னா பண்றதுன்னு கேட்டுதாம். நீங்க நோட்டு திருத்திகினே, ‘நீயே வச்சிக்கோ, போ’ன்னீங்களாம். நீங்க அப்டி சொல்லலீங்களா?”

நீயே வச்சுக்கோ, போ. அது என் வார்த்தைதான். தொந்தரவு பண்ணுகிற எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் விரட்டுவேன். வெள்ளிக்கிழமை, சிவப்பு மை தீர்ந்துபோன பேனா, தலை நிமிராமல் நான் சொன்னது எல்லாம் அப்படியே வந்து முன்னால் நின்றது.

தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம், சொன்னேன், பிள்ளைமேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் முதலில் சொன்ன அதே அளவு சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக்காரர் காதிலும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் விழ வேண்டும். ஒரு பிள்ளையின் பேர் அந்தத் தெருவில் என்ன ஆகும் என்பது என் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ வேறு கவலை. கரஸ்பாண்டென்ட் சாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், இத்தனை பேர் முன்னால் டீச்சர் பொய் சொன்னாள் என்று ஆகிவிடுமே, நாளைக்கு எந்த முகத்தோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவேன். அந்தக் கஞ்சி போட்ட புடவையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தொண்டையைச் செருமினேன். அப்புறம் மூன்றாம் விதிப்படி, மெதுவாக, “சொன்னேன். நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்” என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, “கரண்ட் வந்துடுச்சி!” என்று யாரோ கூவினார்கள். “ஜல்தி, ஜல்தி” என்று வாசலில் நின்ற கூட்டம் திரும்பி அவரவர் தறிக்கு ஓடியது. அப்பா சுவிட்சுக்குப் பாய்ந்தார். லோகுவின் அம்மாவும் தலையைத் திருப்பிவிட்டார். தெரு மறுபடியும் இடிக்க ஆரம்பித்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “இன்னா சொன்னீங்க டீச்சர்?” என்று கத்தினார்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் முதலில் கேட்டது ‘நீங்க அப்டி சொல்லலீங்களா’ என்று. நான் காட்டிய பதில் இல்லை என்ற தலையாட்டல். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. அம்மாவின் கை லோகுவின் முதுகில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அடி விழுந்த சத்தம்கூடத் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. லோகு அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்து, இனிமேல் இப்படி நடக்காது என்று கும்பிட்டார். எனக்காகக் கடையிலிருந்து கலர் வாங்கிவரச் செய்தார். ஆரஞ்சு கலர், ஜில்லென்று இருந்தது. (குடித்தேன். வேண்டாம் என்று சொல்லியாவது இருக்கலாம். முழு பாட்டிலையும் குடித்துவிட்டு, பாட்டிலை ஜன்னலோரமாக வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்தேன்.)

ஒரு வாரத்தில் அவளுக்குத் தெருவில் ‘சாக்பீஸ்’ என்று பேர் வந்தது, அடுத்த வாரம் அது பள்ளிக்கும் வந்தது. லோகு பேசுவதைக் குறைத்தாள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொன்னாளா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. யார் வாயையும் பார்ப்பதில்லை, மேஜையைத்தான் பார்த்தாள். ரோஸ் அட்டையில் மாதம் தவறாமல் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

வருஷக் கடைசியில் ஆண்டு விழா. ‘சிறந்த நடத்தைக்கான பரிசு’ லோகேஸ்வரிக்கு. பெற்றோரும் ஆசிரியரும் கை கோத்தால் ஒரு பிள்ளை எப்படி மாறும் பாருங்கள் என்று கரஸ்பாண்டென்ட் சார் மைக்கில் பத்து நிமிஷம் பேசினார். கைதட்டல். என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவள் உதடு ‘தேங்க்ஸ் மிஸ்’ என்று அசைந்தது.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன், கரண்ட் போனது வரைக்கும். அவர் உருண்டு உருண்டு சிரித்தார். அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் போதும், “மெதுவா பேசும்மா, கரண்ட் போயிடப் போவுது” என்பார். பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவதே இந்தக் கதையால்தான்.

பதினைந்து வருஷம் கழித்து, ஆரணியிலேயே வேறொரு சின்னப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக உட்கார்ந்திருந்தேன். எல்.கே.ஜி. அட்மிஷன் நேரம். ஒரு குட்டிப் பெண் ரூமுக்குள் ஓடிவந்து, “எம்மா! இங்க பாரும்மா, மீன் தொட்டி கீது!” என்று கூரை பெயரக் கத்தினாள். பின்னாலேயே வந்தவள் பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

“மெதுவா பேசணும், மிஸ் திட்டுவாங்க” என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

லோகு.

விண்ணப்பத்தை வாங்கினேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். “லோகு, அந்த சாக்பீஸை நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். அன்னைக்கே சொன்னேன். கரண்ட் வந்துட்டுது, யாருக்கும் கேக்கல.”

அவள் அப்போதுதான் நிமிர்ந்து, பழையபடி என் வாயைப் பார்த்தாள்.

“எனக்கு தெரிஞ்சிது மிஸ். நாந்தான் உங்க வாய பாத்துகினு இருந்தனே. எங்கம்மாகிட்ட இன்னொரு தபா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “உன் அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாயேன், நான் சொல்றேன்” என்றேன்.

“அம்மா செத்துட்டாங்க மிஸ், ரெண்டு வருஷம் ஆவுது” என்றாள். “கையெழுத்து எங்க போடணும்?”

பெற்றோர் கையெழுத்து என்று அச்சடித்திருந்த கோட்டைக் காட்டினேன். போட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் எதற்கோ பையன்மேல் எரிந்து விழுந்தேன். ஹோம்வொர்க்காக இருக்கும், வேறு எதுவாகவும் இருக்கும். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிராமல், “மெதுவா பேசும்மா, கரண்ட் போயிடப் போவுது” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கரண்ட் திரும்பி வந்த கதை அவர்களுக்குத் தெரியாது. வழக்கம்போல நானும் சிரித்து வைத்தேன்.