கூட்டுக்குடும்பம் பாக்க கொட்டாரம் போனேன்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு கூட்டுக்குடும்பத்தை நேர்ல பாத்துட்டு வந்து நாலு பக்கம் எழுதணும்.

தபால்ல எம்.ஏ. சமூகவியல் படிக்கேன் மக்களே. வீட்டுக்காரர் மஸ்கட்ல. மகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு சீரியல் பாத்துட்டுக் கிடக்கண்டாமேன்னு சேந்தது. இப்ப சீரியலே தேவலாம்னு தோணுது.

நாகர்கோவில்ல எங்க தெருவுல தேடிப் பாத்தேன். கூட்டுக்குடும்பம்னு ஒண்ணுகூட இல்ல. எதிர்வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்காவ. ஆனா பேச்சு கிடையாது. அடுத்தடுத்த அறையில இருந்துக்கிட்டு உப்பு வேணும்னாலும் எங்க வீட்டு வழியாத்தான் கேட்டுவிடுவாவ. அது என்ன வகைக் குடும்பம்னு புத்தகத்துல தேடினேன். இல்ல.

சரி, எங்க வீடு என்ன வகை? வீடியோ கால்ல வீட்டுக்காரர்ட்ட கேட்டேன்.

"இங்க நானும் மகளும். நீங்க போன்ல. இது தனிக்குடும்பமா, என்னதுங்க?"

"நெட்வொர்க் குடும்பம்"னாரு. "மொதல்ல கேஸ் அடச்சியான்னு போய்ப் பாரு."

கடைசியில அம்மாதான் வழி சொன்னா. "கொட்டாரத்துல உன் பெரியம்மை வீட்டுக்குப் போயேம்ட்டி. ரெண்டு மகன்மாரு, ரெண்டு மருமக்கமாரு, ஒரே அடுப்பு. நம்ம வகையறாவுல மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். பாத்துப் பேசிட்டு வா."

அந்த 'பாத்து'வை மட்டும் நான் காதுல வாங்கல்ல.

மகளை அம்மாட்ட விட்டுட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிட்டு பஸ் ஏறினேன்.

பெரியம்மைக்கு ஒரே சந்தோஷம். "ஏட்டி சுபா, வந்தியா! எங்க வீட்டைப் பத்தி எழுதப் போறியாமே!"

பெரியண்ணன் பலசரக்குக் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிட்டு வந்தாரு. சின்னண்ணன் வாழைத்தோட்டத்துல இருந்து வந்து கால் கழுவிட்டு உக்காந்தாரு. பெரியண்ணன் பொண்டாட்டி பெரிய மைனி புதுச் சேலை உடுத்தி சோபாவுல. சின்ன மைனி மட்டும் அடுக்களையில. அங்க இருந்து நெய்மீன் குழம்பு மணம். மத்தியானச் சாப்பாடு இங்கதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

சாயா வந்துச்சு. மொதக் கேள்வி கேட்டேன். "எப்படி இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க?"

"விட்டுக்குடுக்கதுதான்"னாரு பெரியண்ணன். எல்லாரும் தலையாட்டினாவ.

அதோட நிறுத்தியிருக்கணும். குழம்பைச் சாப்பிட்டுட்டு பஸ் ஏறியிருக்கணும். ஆனா நான் படிச்சவளாக்கும்னு காட்டண்டாமா?

"இதுக்குப் பேரு செயல்பாட்டுக் கோட்பாடு பெரியம்மை"ன்னு ஆரம்பிச்சேன். "குடும்பம்னா ஒரு ஒடம்பு மாதிரி. ஒவ்வொருத்தரும் ஒரு உறுப்பு. அவங்கவங்க வேலையை அவங்கவங்க செஞ்சாத்தான் ஒடம்பு ஓடும்."

"கொள்ளாமே!"ன்னா பெரியம்மை. "அப்ப நான் தலை."

பெரியண்ணனுக்கு மூஞ்சி லேசா மாறிச்சு. "அப்பா போன பொறவு தலை நான்லா?"

"நீ முதுகெலும்பு மக்கா"ன்னு பெரியம்மை சமாளிச்சா.

அடுக்களை வாசல்ல சின்ன மைனி கரண்டியோட வந்து நின்னாவ. "நான் எது சுபா?"

"நீங்க கை மைனி. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் நீங்கதானே!"

"அப்ப அக்கா?"

நான் பெரிய மைனி பக்கம் திரும்பினேன். "மைனி, நீங்க... என்ன செய்யுதீங்க?"

கேட்ட பொறவுதான் நாக்கைக் கடிச்சேன்.

"நான் எல்லாத்தையும் பாத்துக்கிடுகேன்"னாவ பெரிய மைனி. "எதை எப்படிச் செய்யணும்னு சொல்லிக்குடுக்கது நான்தானே!"

"அப்ப வாய்"னாவ சின்ன மைனி.

நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிச்சிட்டேன்.

சின்னண்ணனும் சிரிச்சாரு. பெரிய மைனி அவரை ஒரு பார்வை பாத்தாவ. "கொழுந்தனாரு சிரிக்கண்டாம். வயிறு யாருன்னு ஊருக்கே தெரியும்."

"ஏய், என் தம்பியை வயிறுங்காத"ன்னாரு பெரியண்ணன்.

"என்னைய வாய்ன்னு சொன்னப்ப நீங்க எங்க போனிய?"

முதுகெலும்பு அப்படியே வளைஞ்சு உக்காந்துட்டாரு.

நிலைமையைச் சரி பண்ணுவோம்னு நான் வாயைத் தொறந்தேன். "சண்டை வேண்டாம். இது ஒரு கோட்பாடுதான். இதை ஒத்துக்கிடாதவங்களும் உண்டு."

சின்ன மைனிக்குக் கண்ணு மினுங்கிச்சு. "அவிய என்ன சொல்லுதாவ?"

பெரியம்மை எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் கவனிக்கல்ல. நான் படிச்சதைக் கேக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கு! பெத்த மககூட கேக்க மாட்டா.

"முரண்பாட்டுக் கோட்பாடு மைனி. குடும்பத்துல ஒருத்தர் உழைப்பை மத்தவங்க சுரண்டுதாவங்கது. பெண்ணியக்காரங்க இன்னும் ஒருபடி மேல. அடுக்களை வேலையும் வேலைதான், ஆனா அதுக்கு லீவும் இல்ல, மரியாதையும் இல்லன்னு சொல்லுதாவ."

அடுக்களையில குழம்பு கொதிச்சுக்கிட்டுக் கிடந்துது.

"கடைசியில சொன்னதை இன்னொருக்க சொல்லு சுபா"ன்னாவ சின்ன மைனி. "கொஞ்சம் ஒறக்க. அத்தைக்குக் காது மந்தம்."

"எனக்கு நல்லாவே கேட்டுது!"ன்னா பெரியம்மை.

சின்ன மைனி உள்ள போனாவ. அடுப்பு 'டப்'புன்னு அணைஞ்சுது. திரும்பி வந்து கரண்டியைப் பெரிய மைனி மடியில வச்சாவ. புதுச் சேலையில குழம்பு!

"இண்ணைக்கு கைக்கு லீவு."

"லீவு வேணும்னா தனியாப் போயி எடுத்துக்கோ"ன்னாவ பெரிய மைனி.

"போறேன்."

அம்புட்டுதான். பரண்ல அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமக் கிடந்த சின்ன மைனியோட சீர் அடுப்பு கீழ இறங்கிச்சு. சின்னண்ணன் தோள்ல ஏறி ஸ்பேர் கேஸ் சிலிண்டர் மாடிக்குப் போச்சு. மீனையும் பாகம் பிரிச்சாச்சு. குழம்பு கீழ. பொரிக்க மசாலா பெரட்டி வச்சது மேல.

பெரியண்ணன் என்னைப் பாத்தாரு. "ஏட்டி, நீ எதுக்கு வந்த?"

"அசைன்மென்ட்டுக்கு அண்ணே."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் இருக்கு."

பெரியம்மை மெதுவா எந்திரிச்சா. "இத்தன வருஷம் கட்டிக்காத்த வீடு. உனக்குக் குடுத்த சாயா இன்னும் ஆறல்ல மக்கா."

அவ முற்றத்துல போயி ஒரு நாற்காலியில உக்காந்து, கண்ணை மூடி, முகத்தை மேல தூக்கிக்கிட்டா. சாமியைக் கும்பிடுதா போலன்னு நினைச்சேன். எனக்கே அழுகை வந்துட்டு. பக்கத்துல போயி காலடியில உக்காந்தேன்.

"பெரியம்மை, மனசு விட்டுடாதீங்க. நான் போயி ரெண்டு பேர்ட்டயும் பேசி..."

"நீ இனி பேசாத!" கண்ணைத் தொறக்காமலே சொன்னா. "மணம் பிடிக்கேன், சும்மா இருட்டி. மீன் பொரிக்கது மேலயா, கீழயா?"

"மேல."

"அப்ப மொதல்ல மேல போவோம்."

மேல ஒரு பந்தி. பொரிச்ச மீனை எனக்குத் தனியா எடுத்து வச்சு, சின்ன மைனி காதுல சொன்னாவ: "இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமத்தான் இத்தன நாளு கிடந்தேன் சுபா."

மேல மட்டும் சாப்பிட்டா கீழ கோவிப்பாவ. கீழயும் ஒரு பந்தி. பெரிய மைனியும் குழம்பு ஊத்திக்கிட்டே குனிஞ்சு சொன்னாவ: "நல்ல காரியம் செஞ்ச. இந்த அவரைக்காப் பொரியல் நான் வச்சது. இனி உப்பு கூடிப்போச்சுன்னு சொல்ல இங்க ஒருத்தியும் கிடையாது."

ஒரு வாய் வச்சேன். உப்பு கூடத்தான். நான் சொல்லல்ல. பட்டாச்சே!

பெரியம்மை ரெண்டு இலையிலயும் சாப்பிட்டு ஏப்பம் விட்டா. "இனி ரெண்டு வீட்டுக்கும் நான்தான் தலை."

பஸ் நாகர்கோவில் வந்து சேரதுக்குள்ள செய்தி வந்து சேந்துட்டு. அம்மா வாசல்லயே நின்னா. "பாத்துப் பேசுன்னுதானே சொன்னேன்! நம்ம சாதிசனத்துல இனி நான் எப்படி தலை காட்டுவேன்?"

அதுக்குள்ள போன். மண்டைக்காட்டுல கட்டிக்குடுத்திருக்க ஒரு சொந்தக்காரப் பொண்ணு. ரொம்ப மெதுவாப் பேசினா.

"அக்கா, எங்களதும் கூட்டுக்குடும்பம்தான். ஒருக்கா வந்துட்டுப் போறியளா? எங்க மாமியாரு ஊருக்குப் போகதுக்கு முன்ன வந்தா நல்லது."

மறுநாள் எழுத உக்காந்தேன். கடைசிக் கேள்வி: 'கூட்டுக்குடும்பங்கள் சிதைவதற்கான காரணங்களைக் கூறுக.' தொழில்மயமாதல், நகரமயமாதல், கல்வின்னு புத்தகத்துல போட்டிருந்துது. அப்படியே பாத்து எழுதினேன்.

'கல்வி'க்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு போட்டேன்.