உடையப்பன் மலையேறிய சனிக்கிழமை

இதை எனக்கு முதலில் சொன்னது லத்தீபாதான். எழுபத்து மூன்றாம் வருஷம், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தவள், தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து இதைச் சொன்னாள். அவள் கணவர் நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடையில்தான் இதில் பாதி நடந்தது. அதனால் பொய் இருக்காது. மசாலா கொஞ்சம் கூடியிருக்கலாம்.

ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் உடையப்பன் என்று ஒருவர். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அதன் பிறகு சிம்பாங் பூலாயில் கல் உடைக்கிற கல்லுமலையில் டைம் கீப்பர். மண்டோர் வேலை போனாலும் குரல் போகவில்லை. வீட்டில் உப்பு கேட்டால்கூட நாற்பது பேரை வேலைக்கு விரட்டுகிற மாதிரிதான் கேட்பார். அவர் மனைவி கருப்பம்மாள் இருபது வருஷம் மலைக்காட்டில் பால் மரம் சீவியவள். மெதுவாகத்தான் பேசுவாள். அந்த வீட்டில் அவள் மெதுவாகச் சொன்னதுதான் நடக்கும். இது ஊருக்கே தெரியும், உடையப்பனுக்கு மட்டும் தெரியாது.

கருப்பம்மாளுக்கு ஒரே தம்பி, சின்னையா. தாய் முகம் அறியாத பிள்ளை. அவள்தான் மரம் சீவி, மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். அவன் படிப்பு முடித்து எத்தியோப்பியாவில் கோண்டார் என்ற ஊருக்கு வாத்தியாராகப் போய்விட்டான். பத்து வருஷமாக அக்காவும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் அவனிடமிருந்து கடிதம் வந்தது.

உடையப்பன் சத்தமாகப் படித்தார். ஆப்பிரிக்கா என்றாலும் முழுக்க மலையாம். மேகம் காலுக்குக் கீழே போகுமாம். ஒரே பாறையைக் குடைந்து கோயில் செய்திருக்கிறார்களாம். குரங்குக் கூட்டம் ஆடு மாதிரி புல் மேயுமாம். கோவேறு கழுதையில் நாலு நாள் மலைமேல் போகலாமாம். "ஒரு டிக்கெட்டுக்குத்தான் என்னால் முடிந்தது. அக்காவோ மச்சானோ, மலை ஏற முடிந்தவர்கள் ஜனவரியில் வாருங்கள்" என்று முடித்திருந்தான்.

"மச்சான்னு எழுதியிருக்கான் பாத்தியா!" என்றார் உடையப்பன்.

"அக்கான்னு முன்னால எழுதியிருக்கானேங்க."

அது அவர் காதில் விழவில்லை. மறுநாளே கல்லுமலை முழுக்கச் சொல்லிவிட்டார். பாசாரில் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி, ஈப்போ வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்து குளிருக்குப் பழகினார். வேர்வை கால் வழியாக ஓடியது.

"பத்தாயிரம் அடி மலை, கருப்பம்மா. பொம்பளைங்களால ஆகாது."

"நான் மலைக்காட்டுலதானங்க சீவுனேன்."

"அது மரம். இது மலை."

"அந்த மரமெல்லாம் மலை மேலதான இருந்துச்சு? நீங்கதான் கீழ நின்னு சத்தம் போட்டீங்க."

"அந்த ஊரு வேற மாதிரிலா! வருஷத்துக்குப் பதிமூணு மாசமாம். நம்ம கணக்குக்கு ஏழெட்டு வருஷம் பின்னாலதான் இருக்காங்களாம்."

"அப்ப அங்க எறங்குனா எனக்கு முப்பத்தஞ்சு வயசுதான். ஓடியே ஏறிடுவேன்."

உடையப்பன் கோட்டைக் கழற்றினார். யோசிக்கும்போது அவருக்கு இன்னும் வேர்க்கும்.

"சரி, நியாயமாப் போட்டி வெச்சிக்கலாம். பழைய தோட்டத்து மலைய யாரு முதல்ல ஏறுறாங்களோ அவங்க போலாம். வர்ற சனிக்கிழமை."

நியாயம் சனிக்கிழமையில்தான் இடித்தது. அது புரட்டாசி. சனி தோறும் கருப்பம்மாள் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு விரதம் இருப்பவள். காலி வயிற்றோடு எத்தனை படி ஏறிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

கருப்பம்மாள் கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தாள்.

"மேல முருகன் கோயிலு இருக்கேங்க. சும்மா ஏறிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? யாரு முதல்ல உள்ள போயி சூடம் ஏத்துறாங்களோ அவங்க பிளேன் ஏறட்டும். சாமி சாட்சியா இருக்கும்."

"சாமி சாட்சி!" என்றார் உடையப்பன், உடனே.

சனிக்கிழமை விடிந்ததும், "நான் பின்பக்கமா வாரேன்" என்று சொல்லிவிட்டு நேராக நாகூர் மீரான் கடைக்குப் போனார். பத்து நாளாகக் கீரையும் கத்தரிக்காயும் தின்ற மனிதர். கடை வாசலிலேயே மூக்கு முன்னால் நடந்தது.

"வாங்க மண்டோர் அண்ணே!"

"ரெண்டு பரோட்டா, பாய். பருப்பு மட்டும் போதும்."

"பருப்ப ஊத்திக்கிட்டா மலை ஏறப் போறீங்க? ஆட்டுக்கறி இப்பத்தான் எறக்குனேன்."

"புரட்டாசி, பாய்."

"அப்ப வேணாம்."

"வேணாம்னு எப்ப சொன்னேன்? புரட்டாசினுதான சொன்னேன்!"

கறி வந்தது. பஞ்சு மாதிரி வெந்திருந்தது. எலும்பே இல்லை. இன்னொரு தட்டும் வந்தது. தின்று முடித்து எழ முடியாமல் எழுந்தவரிடம் மீரான், "பின்பக்கம் லாரிப் பாதை இருக்குலா. என் ஹோண்டால கொண்டு விடவா?" என்றார். போட்டியில் மோட்டார் சைக்கிள் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று உடையப்பன் மனசாட்சி சொன்னது. ஏறி உட்கார்ந்தார்.

உச்சியில் இறங்கியபோது கருப்பம்மாள் தலைகூடத் தெரியவில்லை. மீசையைத் தடவியபடி கையில் சூடத்தோடு கோயில் வாசலுக்கு வந்தார். வலது காலைத் தூக்கினார்.

ஏப்பம் வந்தது. ஆட்டு ஏப்பம்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. புரட்டாசி சனிக்கிழமை, வயிறு முட்டக் கறி, எதிரே வேலோடு முருகன். உடையப்பன் யாருக்கும் பயப்படாதவர்தான், ஆனால் சாமிக்குப் பயப்படுவார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். தலை முழுகலாம் என்றால் உச்சியில் குழாய் இல்லை. காலைக் கீழே வைத்து, வாசலுக்கு வெளியே நின்று, சூடத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கருப்பம்மாள் வந்தாள். மூச்சு வாங்கவில்லை. வழியில் பறித்த பூவும் மடியில் இருந்தது.

"அடடா, முன்னாலயே வந்துட்டீங்களா! சூடம் ஏத்தியாச்சா?"

"நீயும் வரட்டும்னுதான்..."

"நல்லதாப் போச்சு. ஏத்துங்க, நான் மணி அடிக்கிறேன்."

"இல்ல, நீயே ஏத்து."

"நான் ஏத்துனா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேங்க?"

"ஆனா ஆவட்டும்லா!"

"நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது. உள்ள வந்து, சாமிக்கு நேரா நின்னு சொல்லுங்க."

"சாமிய ஏன் நடுவுல இழுக்குற? இங்கேருந்தே சொல்றேன். நீயே போ. போயிட்டு வா!"

அவள் உள்ளே போய்ச் சூடம் ஏற்றினாள். கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். தம்பி பேரை அவள் முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது. திருநீறு கொண்டு வந்தபோது உடையப்பன் நாலடி பின்னால் போய்விட்டார்.

இரண்டு பேரும் பாதி மலை இறங்கினார்கள். பிறகு கருப்பம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"கறி நல்லா வெந்திருந்துச்சாங்க?"

"எந்தக் கறி?"

"நேத்தே லத்தீபாகிட்ட சொல்லி வெச்சேன். அவருக்குக் கடவாப் பல்லு சரியில்ல, பூப்போல வேக வைங்கன்னு."

ஜனவரியில் அவள் கம்பளிக் கோட்டோடு பிளேன் ஏறினாள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. உடையப்பன் அதைப் பிரிக்காமலேயே மீரான் கடைக்குக் கொண்டுபோய், நாலு பேர் கேட்கச் சத்தமாகப் படித்தார்.

"தம்பி இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். இங்கே காப்பிக் கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, சாம்பிராணி போட்டு, மூன்று தடவை தருகிறார்கள். தாம்பாளம் அகலத்துக்குப் புளித்த தோசை, எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். தை மாசம் இவர்களுக்கும் திருவிழா. சாமிப் பெட்டியைத் தலையில் சுமந்து, பட்டுக் குடை பிடித்து, பாடிக்கொண்டே குளத்துக்குப் போனார்கள். எனக்கு நம்ம தைப்பூசம் ஞாபகம் வந்து கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது மலையில் இருக்கிறோம். என் கோவேறு கழுதை மேட்டைக் கண்டால் நின்றுவிடுகிறது. பேர் சொல்லி அதட்டினால்தான் நகருமாம். அதற்குப் பேரே இல்லை என்றார்கள். அவசரத்துக்கு உங்கள் பேரை வைத்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயால் சொல்லாத பேர். இங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறேன். எதிர் மலையும் திருப்பிக் கூப்பிடுகிறது."

கடையில் தேநீர் ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டதாம்.

உடையப்பன் நல்ல மனிதர். இப்போதும் குனோங் ராபாட்டில்தான் இருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் போனால், அவரைப் பார்த்து ஒரு வணக்கம் மட்டும் சொல்லுங்கள். கழுதை சௌக்கியமா என்று கேட்காதீர்கள்.