கட்டம் காட்டும் காஷிஃப்

காட்டுகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. காட்டிக்கொடுக்கிறவர்கள் வேறு, அவர்களிடமிருந்துகூடத் தப்பிக்க வழியுண்டு. இவர்கள் எதையாவது செய்து, மடிக்கணினியில் ஏற்றி, அகப்பட்டவரை உட்காரவைத்து, "ஒரே நிமிஷம்" என்று தொடங்குவார்கள். அந்த நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நிமிஷம்.

தேனாம்பேட்டை காஷிஃப் இந்த இனத்தில் அசல் ரகம். அவன் செய்தது ஒரு சிமுலேட்டர், அதாவது கணினிக்குள் உயிர்களை வளர்த்துப் பார்க்கும் பாவனை விளையாட்டு. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். விரலால் தொட்டால் ஒரு கட்டத்துக்கு உயிர் வரும். சுற்றி இரண்டு மூன்று பேர் உயிரோடு இருந்தால் அதுவும் பிழைக்கும். தனியாக விட்டால் சாகும். கூட்டம் கூடினால் மூச்சுமுட்டிச் சாகும். தேனாம்பேட்டைவாசிகளுக்கு இதை விளக்கவா வேண்டும்? ஆனாலும் காஷிஃப் விளக்குவான். வேகத்துக்கு ஒரு பட்டன், நிறத்துக்கு ஒரு பட்டன், உயிர் போகும்போது "டொக்" என்று சத்தம் வர ஒரு பட்டன். மாடிவீட்டு ஜேக்கப் சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கப் பழகியது இந்த "டொக்"குக்குப் பயந்துதான்.

இப்படிப்பட்டவனுக்குக் கொட்டிவாக்கத்திலிருந்து பெண்ணையும் அழைத்துக்கொண்டு சம்பந்தம் பேச வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்திருந்ததால், அவனுடைய தாய் அமீனா பீ மடிக்கணினியைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். மாவோடு மாவாகக் கண்டுபிடித்துவிட்டான். பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, மணப்பெண் ரூஹி முன்னால் மாவு உதிர உதிரத் திறந்தான்.

அவள் கொட்டாவி விடவில்லை. விரலால் திரையெங்கும் இழுத்தாள். கட்டங்கள் பூத்தன, சிதறின, ஓடின. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இத்த எப்டி நிறுத்துறது?"

காஷிஃப் பட்டன் வரிசையை மேலும் கீழும் தேடினான். அவன் நிறுத்துவதற்குப் பட்டனே வைக்கவில்லை. வைக்கத் தோன்றினால்தானே? இதுவரை யாரும் கட்டத்தை நிறுத்தச் சொன்னதில்லை. அவர்களே எழுந்து போய்விடுவதுதான் வழக்கம்.

அடுத்து அவன் செய்ததுதான் விபரீதம். சபையை மறந்தான், சம்பந்தத்தை மறந்தான், அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டன் செய்ய ஆரம்பித்தான். தகப்பனார் மெஹபூப் பாஷா பையனுக்குக் காய்ச்சல் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். பெண்ணின் தகப்பனார் வாசலில் செருப்பைத் தேடினார். அமீனா பீ கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பட்டன் வந்தது. ரூஹி அழுத்தினாள். நின்றது.

"நா சொன்னத உடனே திருத்திட்டாரு. நம்ம ஊட்ல யாருனா அப்டி கீறாங்களா?" என்று தகப்பனாரைக் கேட்டாள். அவர் உள்ளே திரும்பிவந்து பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த மாதமே ஆழ்வார்பேட்டையில் நிக்காஹ்.

காஷிஃபுக்கு விடிந்தது. நமக்கு? ரூஹிக்கு இப்போது பூச்சாடி ஓவியத்தில் ஆர்வம் வந்திருக்கிறது; வரும் விருந்தாளிகளை அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

நல்லவேளை, நாம் அந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம் "இதப் படியேன்" என்று நீட்டிவிட்டு, அவர் எந்த வரியில் சிரிக்கிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.