மின்வெட்டுக்குக் காத்திருந்த குழு

பாக்தாத்தின் மதகுப் பராமரிப்பு அலுவலகத்தில் பொறியாளராக இருக்கும் கானிம், ஜப்பானில் ஒசாகா நகரத்து மதகு மாநாட்டுக்குப் போய்வர வேண்டும் என்று உயர்மட்டத்தில் முடிவாயிற்று. விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் வந்துவிட்டது. மதகு கிடக்கட்டும், அவருடைய ஒரே மகள் ஹதீல் ஒசாகாவில்தான் படிக்கிறாள். அவளைப் பார்த்து நாலு வருஷமாகிறது. சொந்தக் காசில் போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த சந்தோஷத்தில்தான், பயணத்துக்குத் தேவையான பொருட்கள் என்ற இடத்தில் "பிளக் அடாப்டர் ஒன்று" என்று எழுதித் தொலைத்தார்.

எழுதாமல் இருந்திருந்தால் அந்த வாரமே விமானம் ஏறியிருப்பார்.

இயக்குநர் உஸ்தாத் ஷௌகத் அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஹதீலின் அப்பா என்பதால் கானிம் அங்கே எல்லோருக்கும் அபு ஹதீல்.

"என்ன அபு ஹதீல், அடாப்டர்னு மொட்டையா எழுதியிருக்கீங்க? எந்த அடாப்டர், யாரு தேர்ந்தெடுத்தது?"

"அது ஒரு சின்னத் துண்டு, உஸ்தாத். நம்ம ஊரு பிளக்குக்கு மூணு கால், அவங்க சுவத்துல தட்டையா ரெண்டே ஓட்டை. நடுவுல மாட்டிக்கணும், அவ்வளவுதான்."

"அவங்க மின்சாரம் நூறு வோல்ட்டாமே. நம்மளது இருநூத்தி இருபது. அதுக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

"போன் சார்ஜர் ரெண்டுக்கும் ஒத்துக்கும். அதுலயே எழுதியிருக்கு. அடாப்டரைக்கூட ஹோட்டல் வாசல்ல கேட்டா இரவல் தருவாங்கன்னு ஹதீல் சொல்றா."

உஸ்தாத் ஷௌகத் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "ஹோட்டல்காரன் இரவல் தருவான்னு நம்பி ஒரு அரசாங்கம் நாட்டை விட்டுக் கிளம்பலாமா?"

அன்று மாலையே "வெளிநாட்டு மின் இணைப்பு மற்றும் மின்னழுத்த மாற்றித் தேர்வுக் குழு" உதயமாயிற்று. தலைவர், உஸ்தாத் ஷௌகத். அலுவலகத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சார சமோவரும் பயணத்துக்கு இன்றியமையாத கருவி என்று குழு தன் முதல் தீர்மானத்திலேயே அறிவித்தது. ஜப்பான்காரர்கள் பச்சைத் தேநீர் குடிக்கிறார்கள் என்று தலைவர் கேள்விப்பட்டிருந்தார். சமோவர் இருநூற்று இருபது கேட்கும். ஆகவே நூறை இருநூற்று இருபதாக ஏற்றிக் கொடுக்க, ஆட்டுக்குட்டி கனத்துக்கு ஒரு மாற்றி வாங்கினார்கள்.

அதைச் சோதிக்க வேண்டுமே, நூறு வோல்ட்டுக்கு எங்கே போவது? இந்த இடத்தில்தான் உஸ்தாத் ஷௌகத்தின் மூளை வேலை செய்தது. ஜூலை மாத நடுப்பகலில், ஊரே ஏ.சி. போடுகிற நேரத்தில், பாக்தாத்தின் அரசு மின்சாரம் தானாகவே நூறுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

"பாத்தீங்களா? ஜப்பான் மின்சாரம் நம்ம கையிலயே இருக்கு. நாமதான் அதோட அருமை தெரியாம திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

மாற்றி வேலை செய்தது. சமோவர் முனகியது. தண்ணீர் கொதிக்கப்போகிற சமயம் பார்த்து அரசு மின்சாரம் போயிற்று. தெருமுனையில் ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்கே மின்சாரம் விற்கிற அபு கர்ரார், வழக்கம்போல உடனே தன் லைனைத் தட்டிவிட்டார். இருநூற்று இருபது வந்து மாற்றிக்குள் நுழைந்தது. வெளியே எவ்வளவு போயிற்று என்று பார்க்க வோல்ட் மீட்டரில் முள் மிச்சமில்லை. மாற்றியிலிருந்து கரும்புகை எழுந்து கூரையைத் தொட்டது.

அபு கர்ராரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"என் மேல ஏன் பாயுறீங்க? கரண்டு இருக்கும்போது எவன் வீட்லயாவது எதுவும் எரிஞ்சிருக்கா? போய்ட்டு வரும் பாருங்க, அப்பத்தான் எரியும். ஃபிரிஜ், டிவி எல்லாம் அப்படித்தான் போச்சு. இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார் அவர்.

இப்பேர்ப்பட்ட நிபுணரை வெளியே விட்டுவைப்பது தவறு என்று அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னது விதியாகவும் ஆயிற்று: எந்த மாற்றியும் அது பயன்படப்போகிற நாட்டிலேயே, குறைந்தது ஒரு மின்வெட்டைத் தாண்டி உயிரோடு இருந்தால் மட்டுமே அங்கீகரிக்கப்படும். எனவே குழு ஒசாகாவுக்குச் செல்லும். மின்வெட்டு நிகழும்வரை அங்கேயே தங்கும். அதுவரை கானிமின் பயணம் நிறுத்திவைக்கப்படுகிறது.

"குழுவோட நானும் வரேனே, உஸ்தாத்" என்றார் கானிம்.

"நீங்க எப்படி வர முடியும்? அடாப்டர் கேட்டவரே நீங்கதானே. நாளைக்கு ஒருத்தன் பாரபட்சம்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

கானிம் வீட்டுக்கு வந்து மகளைப் போனில் பிடித்து, குழுவின் தலைவரிலிருந்து சமோவர் வரைக்கும் ஒருவர் விடாமல் வைது தீர்த்தார். "முட்டாப் பசங்க. மின்வெட்டைத் தேடி விமானம் ஏறுறானுங்க. இங்க தடுக்கி விழுந்தா மின்வெட்டு."

ஹதீல் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துக் களைத்துவிட்டாள். "பாபா, இங்க கரண்டே போறதில்லையே. நான் வந்த நாள்லேருந்து ஒரு தடவைகூடப் போனதில்ல. அவங்க காலம் பூராவும் இங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

கானிம் திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"பாபா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே."

மறுநாள் காலை முதல் ஆளாக உஸ்தாத் ஷௌகத்தின் அறைக்குள் நுழைந்தவர் கானிம்தான். அவர் அன்று பேசியதைக் கேட்டிருந்தால் அவருடைய மனைவியே நம்பியிருக்க மாட்டாள். குழுவின் தொலைநோக்கைப் புகழ்ந்தார். அடாப்டர் கேட்ட தன் அற்பத்தனத்துக்கு வருத்தம் தெரிவித்து, தன் பயணத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். பிறகு பணிவாக ஒரு சந்தேகம் எழுப்பினார்: மின்வெட்டு நடந்தது என்று அத்தாட்சி கொடுக்கப்போவது யார்? தலைவர் கையெழுத்துப் போட்டால் தலைவரே சோதித்து, தலைவரே சாட்சி சொன்னதாக ஆகிவிடாதா?

"நியாயமான கேள்வி. உங்களுக்கு அனுபவம் உண்டா?" என்றார் ஷௌகத்.

"பொறந்ததுலேருந்து, உஸ்தாத்."

இப்படியாக கானிம் மின்வெட்டுச் சாட்சி அலுவலராக நியமனம் பெற்றார். மூவர் குழு, புது மாற்றியையும் சமோவரையும் சுமந்துகொண்டு ஒசாகா போய்ச் சேர்ந்தது. ஹோட்டல் வாசலில் இருந்த பெண், அவர்கள் கேட்பதற்கு முன்பே மூன்று அடாப்டர்களை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து வணங்கினாள். மூவரும் அதில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு, அடாப்டர் தேர்வுப் பணியைத் தொடங்கினார்கள்.

அறையின் சுவரெல்லாம் தடவிப் பார்த்த அபு கர்ராருக்கு முகம் செத்துவிட்டது. "அரசு லைன்லேருந்து ஜெனரேட்டருக்கு மாத்துற சுவிட்சே இல்லையே. என் தொழில்காரன் எல்லாம் இந்த ஊர்ல எப்படித்தான் கஞ்சி குடிக்கிறான்?"

காத்திருந்தார்கள். காலையில் மீனும் சோறும், பகலில் ஊர் சுற்றல், மாலையில் சமோவர். உட்காரும் இடத்தைச் சூடாக்கித் தருகிற கழிவறையை விட்டு உஸ்தாத் ஷௌகத்தைப் பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. மதகு மாநாடு இவர்களில் யாரும் எட்டிப்பார்க்காமலே நடந்து முடிந்தது. வாரம் தவறாமல் பாக்தாத்துக்கு ஒரே வரியில் கடிதம் போயிற்று: "இங்கே மின்சாரம் இன்னும் போகவில்லை. தங்கும் காலத்தை நீட்டித்து உதவவும்." கானிம் பகல் முழுக்க ஹதீலின் சின்ன அறையில் சமைத்தார். வெண்டைக்காய் போட்டு ஆட்டுக்கறி. அவள் வகுப்பு முடிந்து வந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து ரொம்ப காலமாயிற்று.

ஒருநாள் மாலை புயல் அடித்தது. தலைவரின் அறையில் நால்வரும் சமோவரைச் சுற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஹதீலும் வந்திருந்தாள். பெரிய இடி ஒன்று விழுந்தது. அறை இருண்டது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க இருண்டது.

மின்சாரம் போனதற்காகத் தன் வாழ்க்கையில் முதல் முறையாக கானிமுக்கு அழுகை வந்தது.

இருட்டுக்குள்ளிருந்து உஸ்தாத் ஷௌகத்தின் குரல் கேட்டது. "யாருக்காவது ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்றார் அபு கர்ரார்.

"சாட்சி அலுவலர்?"

"நானும் எதையும் பாக்கல, உஸ்தாத்."

சிறிது நேரத்தில் மின்சாரம் வந்தது. வந்த வேகத்தில் மாற்றி டப்பென்று வெடித்து, சமோவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அபு கர்ரார் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது, ஆனால் அதை அவரே ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. நால்வரும் புகைக்கு நடுவே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். வாசலில் இருக்கும் அந்தப் பெண்தான். இடுப்பு வரை வளைந்து வளைந்து வணங்கி, என்னவோ நீளமாகச் சொன்னாள்.

எல்லோரும் ஹதீலைப் பார்த்தார்கள். ஜப்பான் மொழி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னம்மா சொல்றா?" என்று கேட்டார் ஷௌகத்.

மின்சாரம் போனதற்கு ஹோட்டல் சார்பில் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள் அந்தப் பெண். ஹதீல் அவளைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். இந்தக் குழுவை நினைத்து அவள் அளவுக்குச் சிரித்தவர்கள் யாரும் இல்லை.

"தேநீர் நல்லா இருந்துச்சான்னு கேக்கறா, உஸ்தாத்" என்றாள்.

அந்த வாரக் கடிதத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "இங்கே மின்சாரம் இன்னும் போகவில்லை. புதிய மாற்றி ஒன்றும் சமோவர் ஒன்றும் உடனே அனுப்பிவைக்கவும்."

கடிதம் பாக்தாத்துக்கு வந்த நேரம் அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. அபு கர்ரார் ஊரில் இல்லாததால் ஜெனரேட்டரும் இல்லை. பொறுப்பு இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஓரத்தில் எழுதினார்: "கேட்டவை அனுப்பப்படுகின்றன. மனம் தளர வேண்டாம். போகாத மின்சாரம் எங்கும் கிடையாது."